சத்தம் வராத வீடு

தெரு முழுக்கக் கத்திக்கொண்டே வந்த கருவி, கடைசி வீட்டுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டது.

மண் டாக்டர் அதை ஒரு தட்டுத் தட்டினார். தட்டினால் சரியாவதற்கு இது ஒன்றும் பழைய ரேடியோ இல்லை என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அதட்டுவதே அவர்தான்.

கைப்பிடி வைத்த நீளமான பெட்டி, அவ்வளவுதான். தரையோடு ஒட்டினாற்போல் இடமும் வலமும் வீசிக்கொண்டு நடந்தால், மண்ணுக்கடியில் மின்கம்பி ஓடும் இடத்தில் குய்யென்று கத்தும். கத்திய இடத்தில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட வேண்டும். பின்னால் வரும் பொக்லைன் கோட்டில் படாமல் பள்ளம் தோண்டும்.

ஆனால் அவர் நடையைப் பார்த்தால், பூமாதேவியே ரகசியம் சொல்ல அவரிடம் வரிசையில் நிற்கிறாள் என்று தோன்றும். 'மண் டாக்டர்' என்று ஆட்கள் பெயர் வைத்தபோது நெகிழ்ந்துபோனார். எதைக் கேட்டாலும் 'பயப்பட ஒண்ணுமில்ல' என்பதால் வைத்த பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்ன இருந்தாலும் பெயரில் டாக்டர் இருக்கிறதே.

பொக்லைன் இருக்கையில் டிரைவர் காத்திருந்தான். அவனுக்கு ஒரு புருவம்தான். இன்னொன்று, டாக்டருக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவரை நம்பி ஒரு தெருவில் பக்கெட்டை இறக்கியபோது கருகிப் போனது. உயிர் தப்பியது தம்பிரான் புண்ணியம். அதிலிருந்து, டாக்டர் வாயால் 'சரி' என்று சொல்லாமல் அவன் ஒரு பிடி மண்ணைக்கூடக் கிளறுவதில்லை.

அந்த நம்பிக்கைதான் டாக்டரை இப்போது படுத்தியது.

சத்தம் இல்லை என்றால் கம்பி இல்லை என்று அர்த்தமில்லை. கரண்டு ஓடினால்தான் கருவிக்குக் காது கேட்கும். வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை என்றால், கம்பி மூச்சுக் காட்டாமல் படுத்திருக்கும். செத்த பாம்பு என்று தொட்டால் ஆளை முடித்துவிடும். இதையும் அவர்தான் எல்லோருக்கும் பாடம் எடுப்பார். பாடம் எடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, வீட்டிலும் சரி, வெளியிலும் சரி.

கையிலிருந்த வரைபடம், கம்பி இடதுபக்கச் சுவரோரம் போவதாகச் சொன்னது. அதை நம்பிக் கோட்டை இழுத்துவிட்டுப் போய்விடலாம். அந்த வீட்டுக் கதவைத் தட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். பெயிண்ட் டப்பாவை எடுத்துக் குலுக்கியும் விட்டார்.

தற்செயலாக நிமிர்ந்து டிரைவரைப் பார்த்தார். அவன் நிம்மதியாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டைத் திறந்தார்.

அழைப்பு மணியை அழுத்தினார், அடிக்கவில்லை. கதவைத் தட்டினார். மண்ணுக்கடியில் எத்தனையோ ஆயிரம் வோல்ட் ஓடும்போது மேலே நின்று பீடி பிடிக்கிற மனிதர், அந்தக் கதவுக்கு முன்னால் ஓரடி பின்வாங்கி நின்றார்.

கதவு பாதி திறந்தது. அந்த வீட்டம்மா அவருடைய ஹெல்மெட், மஞ்சள் சட்டை, கையிலிருந்த கருவி எல்லாவற்றையும் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"அம்மா, தெருவுல பள்ளம் தோண்டுறாங்க. உங்க வீட்டுக் கம்பி எங்க போகுதுன்னு பாக்கணும். வீட்ல இருக்கறது எல்லாத்தையும் கொஞ்சம் போட்டு விடுறீங்களா?"

வீடு வீடாகச் சொல்லிப் பழகிய நாக்கு, இங்கேயும் அதையே ஒப்பித்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

அந்த அம்மாவின் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை.

"போடலாங்க. ஆனா வெட்டியா கரண்டு எரியக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரரு உத்தரவு. அதான் மெயினையே அணைச்சு வெச்சிருக்கேன். நாளைக்கு அவரு வந்து குதிச்சா யாருங்க பதில் சொல்றது?"

டாக்டர் வாயைத் திறந்தார். பாடம் எதுவும் வரவில்லை.

"அந்த ஆளை விடுங்கம்மா. அவன் ஒரு முட்டாள்."

அந்த அம்மா சற்று யோசித்தார். மறுத்துப் பேசவில்லை. உள்ளே போனார்.

மெயின் சுவிட்ச் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் ஃபேன்கள், மோட்டார், இஸ்திரிப் பெட்டி, தொலைக்காட்சி என்று வரிசையாக எல்லாம் உயிர்பெற்றன. மிக்ஸிகூட வெறும் ஜாரோடு அலறியது. ஆசை தீரப் போட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

டாக்டர் தெருவுக்கு ஓடி வந்து கருவியைப் பிடித்தார். சுவரோரம் சத்தமே இல்லை. இரண்டடி தள்ளி வந்தார், முனகியது. இன்னும் தள்ளி வந்தார். பொக்லைன் பக்கெட்டின் பற்களுக்கு நேர் கீழே வந்ததும், குழந்தை வீறிட்டு அழுவதுபோல் கத்தியது.

தினமும் செருப்புக் காலோடு இதன் மேல்தான் நடந்து போகிறார், வருகிறார். ஒரு நாளாவது தெரிந்ததா?

அவர் போட்ட கோடு நெளிந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் வந்தது. டிரைவர் பக்கெட்டை மேலே தூக்கி, வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினான். அப்புறம் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, ஒரு வாரமா மூஞ்சக்கூட பாக்க மாட்டேங்கறாங்கன்னு சொன்னீங்களே, அண்ணி பேசிட்டாங்களா?"

டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"பேசிட்டாடா. என்கிட்ட இல்ல, லைன் பாக்க வந்த ஆளுகிட்ட."