இரண்டாவது சத்தம்

டெய்சி டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரே மாதத்தில் ஐந்தாவது முறையாகத் தானே அணைந்து தானே எழுந்ததும், பூங்கோதை ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டுக் கணவன் ஜெயசீலனோடு தானும் கிளம்பினாள். அவன் பழுது பார்த்த எதுவும் இந்த எட்டு வருடத்தில் இரண்டாம் தடவை கடைக்குத் திரும்பியதில்லை. இது மட்டும் அப்படி என்ன தீராத கோளாறு?

"சார் வந்தா சமத்தா ஓடுது. அவர் அந்தப் பக்கம் போனதும் படுத்துக்குது" என்று சிரித்தாள் டீச்சர். கேட்காமலேயே அவனுக்குச் சர்க்கரை போடாத காபியை நீட்டினாள்.

ஜெயசீலன் பெட்டியைத் திறந்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தான். தலைவலி என்று படுத்த நாளில்கூடப் பூங்கோதையின் நெற்றிக்கு அந்தக் கை வந்ததில்லை. பிறகு ரேம் என்னும் நினைவகப் பட்டையைக் கழற்றித் துடைத்து, மறுபடி பொருத்தி அழுத்தினான். டக்.

ரேம் சரியாக உட்கார்ந்தால் இரு முனைக் கொக்கிகளும் விழுந்து இரண்டு டக் கேட்கும்; ஒன்று விழாவிட்டால் கம்ப்யூட்டர் அவ்வப்போது தானே அணையும். கடையில் எப்போதும் இரண்டுதான் கேட்கும். இங்கே ஒன்றோடு அவன் மூடியைக் கையில் எடுத்துவிட்டான்.

"இனிமே இப்படி ஆகாதுல்ல சார்?"

"ஆச்சுன்னா உடனே கூப்பிடுங்க டீச்சர்."

பூங்கோதை எட்டி உள்ளே கைவிட்டு, மறுமுனையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். டக்.

"இனிமே அணையாதுங்க டீச்சர்" என்றாள்.

ஜெயசீலன் தன் உள்ளங்கையிலேயே இருந்த திருகாணிகளைத் தரையெல்லாம் தேடிக்கொண்டிருந்தான்.