பி.ஏ. மட்டும் தங்கத்தில்

தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே வடிவமைத்து, வேலை பார்க்கும் டி.டி.பி. சென்டரிலேயே பெற்ற அய்யாவுக்குத் திரையில் காட்டினாள் பூமயில்.

"உம் பேருக்குப் பின்னால பி.ஏ.ன்னு போடுத்தா. அது தங்கமா மின்னணும்."

"தாய்மாமா பேரே கறுப்புலதான் இருக்கு. சண்டைக்கு வருவாரு."

"வரட்டும். அவுக வீட்டுல யாரு காலேஜுக்குப் போனாக?"

எரிச்சலோடு, தங்கத்தாள் போலக் காட்டும் ஃபாயில் எஃபெக்ட்டைப் போட்டாள். எழுத்து பளபளத்தது. அய்யா திரையைத் தடவிவிட்டு விரலைப் பார்த்தார்.

"இது கம்ப்யூட்டர் மினுக்குய்யா. அச்சுல வெறும் மஞ்சளாத்தான் வரும். எடுத்துருவோம்."

"நெசத் தங்கத்தாள்ல அடிக்க முடியாதா?"

"சிவகாசிக்கு அனுப்பணும். செலவாகும்."

"அனுப்பு. கெடாயை வித்துட்டு வாரேன்."

அய்யா துண்டை உதறிக்கொண்டு படியிறங்கினார். மூன்றாம் முறை எழுதியும் ஆங்கிலத் தாள் தேறவில்லை என்பதை இன்றைக்கும் அவள் சொல்லவில்லை.