மாவு படிந்த கட்டைவிரல்

"இன்னிக்காவது சொல்லிடலாம்டா, எத்தனை நாளைக்கு இந்தப் பொய்..." "மெதுவா பேசுக்கா, மெஷின் சார் காதுல விழுந்தா..." ரொட்டிக் கடையின் அடுப்பறையில் அக்காவும் தம்பியும் ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறிப் பேசுகிறார்கள். "மெஷின் முந்நூறு ரொட்டி போடச் சொல்லுது. நான் தினமும் அதை அழிச்சிட்டு நூத்தியெண்பதுன்னு அடிக்கிறேன். ஒரு ரொட்டிகூட வீணாகலைன்னு எல்லாரும் மெஷினைத் தலையில தூக்கிவச்சு ஆடுறாங்க!" "முதல் வாரம் மீந்த ரொட்டியைப் பார்த்து அவர் முகம் எப்படிச் சுண்டிப்போச்சு? பாவம்னு நீதானே ஆரம்பிச்சே!" தினமும் எத்தனை ரொட்டி விற்கும் என்று கணக்கிட்டுச் சொல்லும் அந்த மெஷினை வைத்துக்கொடுத்தவர் கதவுக்கு வெளியே நிற்கிறார். கடைகளை வருங்காலத்துக்குத் தயார்செய்வது அவர் தொழில். தட்டுவதற்குத் தூக்கிய கை அப்படியே நிற்கிறது. கதவுக் கண்ணாடி வழியே மெஷினின் திரை தெரிகிறது. எண்களின்மேல் மாவு படிந்த கட்டைவிரல் தடம். எத்தனையோ முறை அதை அழுக்கென்று நினைத்து, தன் கைக்குட்டையாலேயே துடைத்திருக்கிறார். மெஷினின் வெற்றியைச் சொல்ல அவர் அக்குளில் இடுக்கிய அறிக்கையின் அட்டையில் இந்தக் கடையின் படம்தான் இருக்கிறது. காதுமடல் சுடுகிறது, அடுப்பின் சூடு இவ்வளவு தூரம் வராது. மெஷினைக் காட்ட அவர் அழைத்து வந்த நாலு கடைக்காரர்கள் சிரித்துப் பேசியபடி படியேறுகிறார்கள். உள்ளிருந்து கதவு திறக்கிறது. அக்கா அவர் முகத்தைப் பார்க்கிறாள். பார்த்ததும் புரிந்துகொள்கிறாள். கையிலிருந்த மாவை உதறிவிட்டு, வந்தவர்களிடம் உரக்கச் சொல்கிறாள்: "வாங்க, வாங்க. எல்லாம் சாரோட மெஷின் செஞ்ச புண்ணியம்!" வந்தவர்களில் ஒருவரான மிட்டாய்க் கடைக்காரர் அப்போதே பேனா மூடியைக் கழற்றுகிறார்.

"அப்போ நம்ம கடைக்கும் ஒண்ணு போட்டுடுங்க சார். எங்கே கையெழுத்துப் போடணும்?"