கடைசி நாலு எண்

“பேரு? கடைசி நாலு நம்பர்?”

“பென்ட்லி. நாலு நாலு ஒண்ணு ஏழு.”

பழைய சிப்பாய்களுக்கான அந்த அரசாங்க ஆஸ்பத்திரியில் அவ்வளவுதான் கேட்பார்கள். பேரும் அரசாங்க அடையாள எண்ணின் வாலும் சரியாக இருந்தால் போதும், ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஊசியை ஏற்றினாள். குப்பிகள் நிறைந்தன. ஊசியை உருவிய பிறகும் ரத்தம் நிற்கவில்லை. பஞ்சு மேல் பஞ்சு வைத்தும் சிவப்பு ஊறிக்கொண்டே இருந்தது.

“என்ன சார் இது, நிக்கவே மாட்டேங்குது? ஆஸ்பிரின் ஏதும் போடறீங்களா?”

“ஒண்ணும் போடல. இறுக்கிக் கட்டி அனுப்பும்மா, நேரமாகுது.”

குப்பிகளில் பென்ட்லி என்று சீட்டு ஒட்டி உள்ளே அனுப்பினாள்.

அரை மணி கழித்து, டாக்டரின் அறை வாசலில் ஆர்லோ பென்ட்லியும் அவன் சிநேகிதன் டெல்மரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே குளிருக்கு ஹீட்டர் போட்டிருந்தும் இரண்டு கிழவர்களும் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை.

ஆர்லோவுக்கு நுரையீரலில் புற்று. இருந்த வைத்தியமெல்லாம் பார்த்தாகிவிட்டது. புதிதாக ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்க ஆள் எடுக்கிறார்கள்; அதில் சேர்ந்தால் பிழைக்க ஒரு வழி உண்டு. ஆனால் ரத்தம் தேற வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தேறவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்றோடு ஆள் எடுப்பது முடிகிறது.

“காலை ஆட்டாதடா, பெஞ்சே ஆடுது” என்றான் டெல்மர்.

“பயமா இருக்கு.”

“குண்டு விழுந்துக்கிட்டிருக்கப்ப குறட்டை விட்டுத் தூங்கின பய நீ. ஒரு டாக்டரம்மாவுக்குப் போய்ப் பயப்படறே.”

“தூங்கினேன்தான். காலையில பேர் கூப்பிடறப்ப எனக்கும் சேர்த்து நீதானே ‘ஆஜர்’னு கத்துவே.”

“ரெண்டு குரல்ல கத்துவேன். அந்த சார்ஜன்ட் சாகற வரைக்கும் கண்டுபிடிக்கல.”

இருவரும் சிரித்தார்கள். ஆர்லோவின் சிரிப்பு பாதியில் இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்தது.

“சண்டையப்ப காட்டைக் கருக்கறதுக்கு அந்த மருந்து டிரம்மை உருட்டினோமே” என்றான் மூச்சு வாங்கியபடி. “ஒண்ணும் செய்யாதுன்னு சத்தியம் பண்ணானுங்க. இப்ப அதே அரசாங்கம் இன்னொரு மருந்தை நீட்டுது. எனக்கு நம்பிக்கையே இல்லடா.”

“நம்பாதே. முழுங்கு.”

“உனக்கென்ன, சொல்லிடுவே.”

“நானுந்தான் உருட்டினேன். அந்த டிரம்மைக் கழுவி, அதுல தண்ணி புடிச்சுக் குளிச்சேன். பாரு, குதிரை மாதிரி இருக்கேன்.”

“குதிரையாம் குதிரை! வண்டியை நிறுத்திட்டு வாசலுக்கு வர்றதுக்குள்ள எத்தனை வாட்டி நின்னே?”

“வயசாச்சுடா முட்டாள்.”

அப்போது ரத்தச் சோதனை அறையிலிருந்து ஒருவன் வேகமாக வந்து, டாக்டரின் அறைக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தணிந்த குரலில் பேச்சு. அவன் வெளியே போனான், சிறிது நேரத்தில் திரும்பவும் வந்தான். இந்த முறை போகும்போது ஆர்லோவை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

ஆஸ்பத்திரிக்காரன் முகத்தைப் பார்க்காமல் இருக்கும் வரைக்கும் நல்லது. பார்க்க ஆரம்பித்தால் விஷயம் விபரீதம்.

“போயிடலாமாடா?”

“வாயை மூடிக்கிட்டு உட்காரு” என்றான் டெல்மர்.

கதவு திறந்தது. டாக்டர் ஹால்வர்சன் தானே எழுந்து வந்து கூப்பிட்டாள். அவள் அப்படி வந்து கூப்பிடுகிறவள் இல்லை.

“உங்க சிநேகிதர் வெளியே இருக்கட்டுமா, சார்?”

“வேணாம். இவனும் வரட்டும்.”

இருவரையும் உட்கார வைத்தாள்.

“மன்னிச்சிடுங்க, மிஸ்டர் பென்ட்லி. அந்த மருந்தை உங்களுக்குக் கொடுக்க முடியாது.”

“ஏன்?” டெல்மர் சீறினான். “இந்தத் தடவை ரத்தத்துக்கு என்ன கேடு?”

அவள் ஆர்லோவைப் பார்த்தே பதில் சொன்னாள்.

“நுரையீரல் இப்போ பெரிய விஷயமே இல்லை, சார். ரத்தத்துலயே புற்று வந்திருக்கு. ரொம்ப வேகமான ரகம். போன வாரம் எடுத்ததுல இதோட சுவடே இல்லை. எங்களாலயே நம்ப முடியாம திருப்பியும் சோதிச்சுப் பார்த்தோம். அதேதான் வருது.”



“எவ்வளவு நாளும்மா?” கேட்டது டெல்மர். சீறின குரல் எங்கோ போயிருந்தது.

“மாசக் கணக்கு சொல்ல முடியாது. வாரக் கணக்குதான். சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லி வெச்சிடறது நல்லது.”

டெல்மர் மெல்ல நாற்காலியில் சாய்ந்தான். கூரையைப் பார்த்தான்.

டாக்டர் மேஜைக்கு மேலாகக் கையை நீட்டி ஆர்லோவின் கையைப் பிடித்தாள். “உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா, சார்?”

ஆர்லோ அவளைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“டாக்டரம்மா... அந்த ரத்தம் என்னோடது இல்ல, இவனோடது.”