இருட்டறைக் கதவு

"எட்டுப் படம்வே. எட்டும் கரிக்கட்டை மாதிரி இருக்கு. கழுவக் குடுத்தா இப்படித்தான் கழுவுவீரா?"

சண்முகையா பிலிமைத் தூக்கிப் பிடித்தார். முழுநீளமும் ஒரே கறுப்பு. சங்கரன்கோவிலில் வக்கீல் குமாஸ்தா என்றால் சும்மாவா? தெருவில் போகிறவர்கள் நின்று கேட்கும்படியாகத்தான் அவருக்குப் பேச வரும்.

ஸ்டுடியோக்காரர் ரசூல் பதறவில்லை.

"வெளிச்சம் பட்டிருச்சு அண்ணாச்சி. கழுவுததுக்கு முன்னால பட்டா, படம் அத்தனையும் போயிரும். இது எங்கன பட்டுச்சுன்னா..."

சண்முகையாவுடன் வந்திருந்த அவருடைய தாயார் பேச்சித்தாய் ரசூலை முடிக்க விடவில்லை.

"எங்கன பட்டா என்ன? என் மக அன்னக்கிளி சனிக்கிழமை ரயிலேறுதா. புருசனோட பினாங்குக்குக் கப்பல். இனி எந்தக் காலத்துல வருவாளோ. அவ முகத்தையாவது பாத்துக்கிட்டுக் கிடக்கலாம்னுதானே, மருமகன் கொண்டாந்த கேமராவுல படம் புடிச்சோம்? எந்தக் கை பட்டு இது கெட்டுச்சோ, அந்தக் கை விளங்காது. எவனா இருந்தாலும் சரி, எவளா இருந்தாலும் சரி."

ரசூல் அந்த அம்மாளைச் சற்று நேரம் பார்த்தார்.

"என் கைதாம்மா" என்றார். "இருட்டறைக் கதவைச் சரியாச் சாத்தாம விட்டுட்டேன்."

எதிராளியே ஒப்புக்கொண்ட வழக்கு! சண்முகையாவின் குரல் இன்னும் ஒரு படி ஏறியது.

"அப்ப ஈடு கட்டும்."

"மதுரையிலேருந்து புது பிலிம் வரவழைச்சுத் தாரேன்."

"அதை வச்சு நாக்கு வழிக்கவா? அது வாரதுக்குள்ள அவ கடல் தாண்டிருவாள்லா. வெள்ளிக்கிழமை காலையில உம்ம பெரிய கேமராவைத் தூக்கிட்டு வீட்டுக்கு வாரும். ரயிலுக்கு முன்னால படம் எங்க கையில இருக்கணும்."

"வெள்ளிக்கிழமை ராயகிரியில கல்யாணம் அண்ணாச்சி. வாரேன்னு ஒப்புக்கிட்டாச்சு."

"வந்த வேலையைக் கெடுத்தவருக்குக் கல்யாண வேலை வேறயா? அது உம்ம பாடு. தப்பு யாரு மேல? அதைச் சொல்லும்."

"என் மேலதான்" என்றார் ரசூல். "வாரேன்."

வீடு திரும்பும் வழியெல்லாம் சண்முகையா தம் வாதத்திறமையைத் தாமே மெச்சிக்கொண்டு நடந்தார். நியாயத்தை இப்படிக் கறாராகக் கேட்டு வாங்காவிட்டால் இந்தக் காலத்தில் யார் தருகிறார்கள்?

வெள்ளிக்கிழமை வெயில் ஏறுமுன்னே ரசூல் வந்துவிட்டார். ராயகிரிக் கல்யாணத்தைத் தென்காசிக்காரர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார். முற்றத்தில் முக்காலியை ஊன்றிக் கேமராவை ஏற்றினார். அன்னக்கிளியும் மாப்பிள்ளையும் நாற்காலிகளில் அமர, நடுவில் பேச்சித்தாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்போது சண்முகையாவின் மனைவி சுந்தரம்மாள் அடுக்களையிலிருந்து ஒரு கிண்ணத்தோடு வந்தாள். சந்தனமும் குங்குமமும்.

"அண்ணாச்சி, அந்தப் பெட்டியைச் செத்த தொறங்க. உள்ள ஒரு பொட்டு வச்சிருதேன்."

"உள்ளயா?" என்றார் சண்முகையா.

"ஆமா. நம்ம கேமராவுக்கு ஆயுத பூசையன்னைக்கு வச்சேன்லா? மேல வச்சா அழிஞ்சு போகும்னு, தொறந்து, உள்ள இருந்த சுருளை வெளிய இழுத்து, நீளத்துக்கும் பொட்டு வச்சுப் பழையபடி சுத்தி வச்சேன். அன்னக்கிளி மதினி முகம் அதுக்குள்ளதானே இருக்கு? கண்ணு பட்டிரக் கூடாதுல்லா."

வக்கீல் குமாஸ்தா சட்டென்று தாயாரைத் திரும்பிப் பார்த்தார். எந்தக் கை பட்டதோ அந்தக் கை விளங்காது என்றல்லவா அவள் சொல்லியிருந்தாள்?

ரசூல் நிமிராமலே சொன்னார். "இதுக்கு அல்லா பேரால பிஸ்மி சொல்லித்தான் பிலிம் போட்டிருக்கேன் தங்கச்சி. அதுவே போதும். கிண்ணத்தை வச்சிட்டு வந்து நில்லுங்க."

"என்னலே சொல்லுதா உம் பொண்டாட்டி?" நாற்காலியிலிருந்து பேச்சித்தாய் கேட்டாள்.

சண்முகையா மனைவியின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்தார்.

"ஒண்ணுமில்லம்மா. படம் நல்லா வரணும்னு சாமி கும்பிடச் சொல்லுதா."

பிறகு கேமராவின் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார். "உமக்கு அன்னைக்கே தெரியுமாவே?"

"சுருளைப் பிரிச்சதுமே இருட்டறை பூரா சந்தனம் மணந்துச்சு அண்ணாச்சி."

"ராயகிரிக் கல்யாணத்தையும் விட்டுட்டு..." என்று இழுத்தார் சண்முகையா.

ரசூல் கறுப்புத் துணியைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டார்.

"போய் நில்லுங்க. முகத்தை மட்டும் கொஞ்சம் சிரிச்சாப்ல வையுங்க. இந்தப் படத்தைக் கெடுத்தது நீங்களா இருந்திரக் கூடாது."