கதவுக்கு வெளியே

என் கணவருக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்த பிறகு, மூன்று மாதமாக வீட்டில் கறியும் மீனும் இல்லை. மகள் கவிநிலாகூடக் கம்பையும் கீரையையும் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறாள். எனக்கும் உடம்பு லேசாகியிருக்கிறது. ஆனால் இன்று அப்பா இறந்த நாள்; அவருக்குப் படையல் போட வேண்டும். காலையிலிருந்து சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

“கருவாடு இல்லாட்டி மாமா கோவிச்சுக்குவாரா? அவருக்கும் பிரஷர் இருந்துச்சுல்ல?” என்று இவர் சிரித்தார்.

படைத்ததை நாங்கள்தான் சாப்பிட வேண்டும். அதனால் வரகரிசிச் சோறு, முருங்கைக்கீரை, உப்புக் குறைத்த சாம்பார் என்று இலையில் பரிமாறினேன். பரிமாறி முடித்ததும்தான் கவனித்தேன். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அப்பாவுக்கு நான் கொண்டுபோனதும் இதே மாதிரிச் சாப்பாடுதான். “ஒரே ஒரு நெத்திலிக் கருவாடு தா தாயி,” என்று கேட்டார். “வீட்டுக்கு வாங்கப்பா, வறுத்துத் தர்றேன்,” என்றேன். அவர் வீட்டுக்கு வரவில்லை. ஆறு வருடமாக இலையில் முதலில் கருவாட்டைத்தான் வைத்து வந்தேன்.

சூடம் காட்டிவிட்டு மூவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். இறந்தவர் சாப்பிட்டு எழும்வரை காத்திருந்து, கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவது எங்கள் வழக்கம். ஐந்து நிமிடம் போயிற்று. பத்தும் ஆயிற்று.

“தட்டும்மா, பசிக்குது. தாத்தா இந்நேரம் சாப்பிட்டிருப்பாரு,” என்றாள் கவிநிலா.

கையைத் தூக்கினேன். தட்ட முடியவில்லை. உள்ளே அவர் இன்னும் இலையில் கை வைத்திருக்க மாட்டார்.