நீ சொல்லு

"அதோ, கிளையில உக்காந்துகினு இருக்குதே, அது மீன்கொத்தி. தண்ணிக்குள்ள தலைகீழா பாஞ்சி மீன் புடிக்கும். எல்லாரும் நல்லா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார் எலியாஸ் வாத்தியார்.

பின்னால் ஒரு பிள்ளைகூட இல்லை.

அத்தனை பேரும் ஓடைக்கரைப் புங்கமரத்தடியில் ஜெயபால் வாத்தியாரைச் சுற்றி நின்றிருந்தார்கள். லில்லியின் தோளில் ஒரு கை, துளசிங்கத்தின் தோளில் ஒரு கை போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடுவில் நின்றிருந்தார் ஜெயபால்.

"சார், அந்தக் குருவி நீலம் சார்."

"எந்த மாதிரி நீலம்? எனக்குத் தெரியலடா, நீ சொல்லு."

"இங்கி புட்டியாட்டம் சார்."

"இல்ல சார், வெய்யில் பட்டா மாறுது" என்றாள் லில்லி.

"மாறுதா? எப்படி மாறுது?"

அவ்வளவுதான். பிள்ளைகள் மறுபடியும் ஓடைப்பக்கம் ஓடினார்கள். எலியாஸ் காட்டியபோது கொட்டாவி விட்டவர்கள், இப்போது அதே பறவையை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எலியாஸுக்கு வயிறு எரிந்தது. இந்த முகாமே திருத்தணி வாத்தியாரான அவருடைய ஏற்பாடு. யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த பட்டாளத்துக் கூடாரங்களை அரக்கோணத்திலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றிவந்தது அவர். திருத்தணிக்கு வெளியே இருந்த இந்த மாந்தோப்பை, சொந்தக்காரர் பெருமாளிடம் நடையாய் நடந்து கேட்டு வாங்கியதும் அவர். பட்டணத்துச் சந்துகளில் வளரும் பிள்ளைகள் காடு மேடு பார்க்கட்டும் என்று மரம், பறவை, பூச்சியெல்லாம் பேர்பேராக உருப்போட்டு வைத்திருந்தார்.

சென்னை மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு ரயிலேறி, கையை வீசிக்கொண்டு வந்து இறங்கியவர் ஜெயபால். வாயைத் திறந்தால் 'எனக்குத் தெரியல, நீ சொல்லு' என்பார். ஒன்றும் தெரியாத மனுஷனுக்கு இத்தனை கொண்டாட்டமா?

சாப்பாட்டு வேளையில் எலியாஸ் தட்டோடு வரிசையில் நின்றார். ஜெயபாலுக்கோ லில்லி சோற்றுத் தட்டைக் கொண்டுபோய்க் கையிலேயே கொடுத்தாள். 

மறுநாள் விட்டதைப் பிடித்துவிடலாம் என்று, கறையான் புற்றை லேசாகப் பெயர்த்து உள்ளே காட்டினார். துளசிங்கம் குனிந்து பார்த்தான். அவன் கண் அகலமாக விரிந்தது. எலியாஸுக்கு உச்சி குளிர்ந்தது.

"இருங்க சார், இத ஜெயபால் சாருக்கு சொல்லிட்டு வந்துட்றேன்" என்று எழுந்து ஓடினான் அவன்.

கடைசி நாளுக்கென்று எலியாஸ் ஒன்றை வைத்திருந்தார். சூரிய உதயம். அதையாவது தன் பக்கத்தில் நின்று பிள்ளைகள் பார்க்கவேண்டும்.

இருட்டோடு எல்லாரையும் எழுப்பி, அரிக்கேன் விளக்கோடு முன்னால் நடந்தார். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு குன்றேறினார்கள். உச்சிப் பாறையில் பிள்ளைகளைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்துவிட்டு நிமிர்ந்தபோது, ஜெயபால் பின்னால் தனியாக நின்றிருந்தார். எதிரே முருகன் மலையில் மணி அடித்தது.

எலியாஸால் அதற்குமேல் அடக்கமுடியவில்லை. கிட்டே போனார்.

"நல்லா இருக்குது சார் உங்க வேல. மாசக்கணக்கா அலஞ்சது நானு. பசங்க உங்க பின்னால சுத்திகினு இருக்குதுங்க. ஒண்ணுமே தெரியாதவராட்டம் நடிச்சி, எல்லாத்தையும் உங்க பக்கம் வளச்சிக்கினீங்க."

ஜெயபால் கோபப்படவில்லை.

"நீங்க காட்டலன்னா, அதுங்க எங்கிட்ட வந்து என்னத்த சார் சொல்லும்?" என்றார்.

எலியாஸ் பதிலுக்கு வாயெடுத்தார். அதற்குள் ரயில் பாதைக்கு அப்பால் வானம் கீறிக்கொண்டு சூரியன் மேலே வந்தது. ஏரித் தண்ணீர், வயல், பனைமரம் என்று வெளிச்சம் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு குன்றேறியது. மூன்று நாளாக வாய் ஓயாத பிள்ளைகள் அத்தனை பேரும் பேச்சு மறந்து உட்கார்ந்திருந்தார்கள்.

எலியாஸுக்கே கண் கூசியது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பக்கத்தில் ஜெயபாலின் கை காற்றில் துழாவி வந்து அவர் தோளைப் பற்றியது.

"பசங்க சத்தமே இல்லியே" என்றார் ஜெயபால், மெதுவாக. "விடிஞ்சிடுச்சா சார்?"